லேபர் வார்டில் நம் விருப்பத்தை எப்படிச் சொல்வது? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிரசவம் பார்த்தவர்கள் வாங்க

பாலக்கோடு_பொண்ணு

வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரசவம் தர்மபுரியில்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, தனியாரா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. அப்பா தனியார் என்கிறார். அம்மா, "ஜி.எச்.லயே பார்த்துக்கலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் வேணும்னாலும் அங்கதான் கிடைக்கும்" என்கிறார்.

நான் கேட்க வந்தது அது இல்லை. என் சித்தி மகளுக்குப் போன வருடம் பிரசவம் ஆனது (எங்கே என்று சொல்லவில்லை). குழந்தை வரும் வாயை வெட்டித் தையல் போட்டது அவளுக்கே அப்புறம்தான் தெரியும். வயிற்றின் மேல் முழங்கையை வைத்து அமுக்கியிருக்கிறார்கள். வலி தாங்காமல் கத்தியதற்குத் தொடையில் ஒரு அடி, கூடவே "புருஷன்கிட்டப் போறப்ப இனிச்சுதா" என்று ஒரு பேச்சு. குழந்தை நல்லபடியாக இருக்கிறது. ஆனால் அடுத்த குழந்தை என்றாலே அவள் முகம் மாறிவிடுகிறது.

எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அம்மா கூட இருக்க வேண்டும். வலியில் எழுந்து நடக்க விட வேண்டும். என்ன செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். குழந்தை பிறந்ததும் என் மேல் போட வேண்டும். இதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது? "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பழைய_பெட்டி

நம்ம அம்மாக்கள் எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டா போனார்கள்? போனார்கள், பெற்றார்கள், வந்தார்கள். உள்ளே போய் அது வேணும் இது வேணும் என்று பேசினால் வாயாடி என்று பேர் வரும். அப்புறம் யாரும் கிட்டேயே வர மாட்டார்கள். தாயும் பிள்ளையும் வேறு வேறு ஆனால் போதும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு போம்மா.

அரூர்_அக்கா

பழைய பெட்டி, போனார்கள் வந்தார்கள் சரி. வராதவர்களும் எல்லா ஊரிலும் இருந்தார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பாட்டிக்கு எல்லாப் பிரசவமும் வீட்டில். உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டுப் பெற்றதாகச் சொல்வார். சுற்றி நாலு பெண்கள் இருப்பார்களாம், இடுப்பைத் தேய்க்க ஒருத்தி, திட்டிச் சிரிக்க வைக்க ஒருத்தி. ஆஸ்பத்திரி வந்ததால் இன்று உயிர் பிழைக்கிறோம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்த நாலு பெண்களை ஏன் கேட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

தங்கச்சி, எனக்கு இரண்டு பிரசவம். முதலாவது ஒரு தனியார் மருத்துவமனையில். இடுப்பு லேசாகப் பிடித்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடினோம். கருப்பை வாய் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. படு என்றார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், அதில் வலி வர வைக்கும் ஊசி. கையில் ஊசி, வயிற்றில் குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் பெல்ட், புரளக்கூட முடியாது. விடிய விடிய மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஏது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது இங்கே அரசு மருத்துவமனையில். இந்தத் தடவை எங்கள் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்கா முன்பே சொல்லியிருந்தார்: "பனிக்குடம் உடையல, ரத்தம் படல, குழந்தை நல்லா துடிக்குதுன்னா கொஞ்சம் பொறு. வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் வரட்டும்." வீட்டில் சாப்பிட்டேன், குளித்தேன், வாசலில் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. (அரூரிலிருந்து பக்கம் என்பதால் இது நடந்தது. சித்தேரி மலையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துப் பொறுத்திருக்காதீர்கள், உங்களுக்கு முதல் வலியிலேயே 108.)

உன் கேள்விக்கு வருகிறேன். லேபர் வார்டில் போய்ச் சொல்லலாம் என்று நினைக்காதே. வலி உச்சத்தில் இருக்கும்போது உன் பேரைக் கேட்டாலே சொல்ல வராது. இப்போதே, செக்கப்பில், நிதானமாக இருக்கும்போது சொல். நாலு வரி தமிழில் எழுதித் தாய்-சேய் நல அட்டைக்குள் வை. முக்கியமாக உன் அம்மாவுக்கு அது மனப்பாடமாக இருக்க வேண்டும். உள்ளே உனக்கு வாய் உன் அம்மாதான்.

சிஸ்டர்_வெள்ளை

லேபர் வார்டில் பல வருடமாக வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் நான். இந்த மாவட்டம்தான், மருத்துவமனை பேர் கேட்காதீர்கள்.

முதலில், அந்தப் பெண்ணை அடித்ததும் அந்தப் பேச்சும் தப்பு. வேலைப் பளு என்று அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். எங்களிலேயே சிலர் அந்தப் பேச்சைப் பேசிப் பேசி அது வாயில் ஒட்டிக்கொண்டது, மூத்தவர் பேசுவதைக் கேட்டு இளையவர் கற்றுக்கொள்கிறார். 2017 கடைசியில் மத்திய அரசு லக்‌ஷ்யா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிரசவ அறையின் தரத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். மரியாதையாக நடத்துகிறோமா, திரை இருக்கிறதா, துணைக்கு ஆள் விடுகிறோமா என்பதெல்லாம் அதில் வரும். மதிப்பெண்ணுக்காகவாவது சில இடங்களில் திரை வந்தது.

பிரசவத் துணை பற்றி: இது நாங்கள் போடும் பிச்சை இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வெகுகாலமாக இருக்கிற ஏற்பாடு. 2016-இல் மத்திய அரசும் எல்லா மாநிலத்துக்கும் எழுதியது. துணைக்கு வருபவர் பெண்ணாக, பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்று நோய் எதுவும் இருக்கக் கூடாது, சுத்தமான துணி உடுத்தியிருக்க வேண்டும், வலி முழுக்கக் கூடவே இருக்க வேண்டும், பக்கத்துக் கட்டிலைப் பார்க்கக் கூடாது, எங்கள் வேலையில் குறுக்கே வரக் கூடாது. அவ்வளவுதான். "உள்ள எல்லாம் விட மாட்டோம்" என்று செக்யூரிட்டி சொன்னால் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "பிரசவத் துணைக்கு வந்திருக்கேன், சிஸ்டர்கிட்ட சொல்லுங்க" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். சட்டம் தெரிந்த ஆள் என்று தோன்றினாலே பாதிக் கதவு திறக்கும். வருத்தமான உண்மைதான்.

இப்போது நீங்கள் கேட்டால் நாங்கள் சுலபமாகச் செய்யக்கூடியவை. நடப்பது, பக்கவாட்டில் படுப்பது. தண்ணீர், கஞ்சி, இளநீர் குடிப்பது (ஆபரேஷன் வரலாம் என்று டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்த வேண்டும்). எனிமா வேண்டாம், ஷேவிங் வேண்டாம் என்பது. எல்லாருக்கும் கட்டாயமாக இந்த இரண்டும் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. அதே வழிகாட்டிதான் 5 சென்டிமீட்டரில் இருந்துதான் முழு வலி ஆரம்பம், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்று எல்லாரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தாதே என்றும் சொல்கிறது. உள் பரிசோதனை நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் போதும். மாணவர்கள் வரிசையாக வந்து கை வைக்கிறார்கள் என்றால், "ஏற்கெனவே பார்த்தாச்சுங்க, ஒருத்தர் பார்த்தா போதும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆண் டாக்டர் பரிசோதித்தால் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாக வேண்டும்.

வெட்டுவது பற்றி. தலைப்பிரசவம் என்றாலே வெட்டு என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படி இல்லை, தேவைப்பட்டவருக்கு மட்டும்தான். குழந்தையின் துடிப்பு குறைகிறது, சீக்கிரம் எடுக்க வேண்டும், ஆயுதம் (ஃபோர்செப்ஸ்) போட வேண்டும் என்றால் வெட்டத்தான் வேண்டும். அப்போதும் "வெட்டப் போறேன், மரப்பு ஊசி போடுறேன்" என்று சொல்ல எங்களுக்கு ஐந்து நொடி போதும். வயிற்றின் மேல் அமுக்குவதை எந்த வழிகாட்டியும் ஏற்கவில்லை. உங்கள் அம்மா பக்கத்தில் நின்று "மேல அமுக்காதீங்கம்மா" என்று சொன்னால் பெரும்பாலும் கை எடுத்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தை வந்ததும் தொடையில் ஒரு ஊசி போடுவோம். கருப்பை சுருங்கி ரத்தப்போக்கு நிற்பதற்காக. நம்ம ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் ரத்தசோகையோடுதான் வருகிறார்கள். ஹீமோகுளோபின் 8-இல் இருக்கும் பெண்ணுக்கு மற்றவர் தாங்கும் ரத்தப்போக்குகூட உயிருக்கு ஆபத்து. "இயற்கையா விட்டுடுங்க" என்று இணையத்தில் படித்துவிட்டு ஒரு பெண் இந்த ஊசியை மறுத்தபோது எனக்குக் கை கால் ஆடிவிட்டது. பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தோம்.

பழைய_பெட்டி

சிஸ்டர் இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறீர்கள். உங்களை மாதிரி எல்லாரும் இருந்தால் இந்த இழையே தேவைப்படாது.

சிஸ்டர்_வெள்ளை

ராத்திரி டூட்டியில் இரண்டே பேர் இருந்து எல்லாக் கட்டிலும் நிரம்பியிருக்கும்போது என்னைப் பார்த்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். நானும் கத்துவேன். அதனால்தான் செக்கப்பிலேயே பேசி வையுங்கள் என்கிறேன்.

ஓசூர்_அப்பா

ஆண்கள் இங்கே எழுதலாமா? போன வருடம் எங்களுக்கு ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். கணவனை உள்ளே விடுவீர்களா என்று ஏழாம் மாதமே கேட்டேன். "தனி அறைன்னா விடுவோம், பொது அறைன்னா மத்த பேஷன்ட் இருப்பாங்க, முடியாது" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. தனி அறைக்குத் தனிக் கட்டணம், அதுவும் நியாயமாகப் பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மனைவி இரண்டு விஷயத்தைத்தான் கேட்டாள். குழந்தையை ஒரு மணி நேரமாவது அவள் நெஞ்சிலேயே விட வேண்டும், தொப்புள்கொடியை உடனே வெட்டக் கூடாது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஒரு நிமிஷம் தானே, தாராளமா. பிள்ளைக்கு ரத்தம் நல்லா ஏறும், எனக்கென்ன நஷ்டம்" என்றார். அவ்வளவு சுலபம். ஆனால் பிரசவம் பார்த்தவர் அவர் இல்லை, டூட்டி டாக்டர். அவருக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. நான் ஞாபகப்படுத்தியதால்தான் நடந்தது. ஆகவே தோழி, பெரிய டாக்டர் தலையாட்டிவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அட்டையில் எழுதி அவரையே ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சம்மதப் படிவம். அட்மிஷனிலேயே நாலைந்து தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். சிலவற்றில் என்ன செய்யப் போகிறார்கள் என்ற இடமே காலியாக இருக்கிறது. நான், "இதை நிரப்பிட்டுக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றேன். கவுண்டரில் இருந்த பையன் முறைத்தான், ஆனால் நிரப்பினான். அப்புறம் பார்த்தால் எல்லாவற்றிலும் என் கையெழுத்தைத்தான் கேட்கிறார்கள். மனைவி சுயநினைவோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் உடம்புக்கு என் சம்மதம் எதற்கு?

கோர்ட்_வாசல்

ஓசூர் அப்பா சொன்னதில் சட்டம் இருக்கிறது. 2008-இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் சொன்னதுதான் இன்றைக்கும் அடிப்படை. பரிசோதனைக்குச் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போது கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கினோம் என்று டாக்டர் தரப்பு சொன்னது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வயது வந்த, சுயபுத்தியுள்ள நோயாளிக்கு அவரேதான் சம்மதம் கொடுக்க வேண்டும். உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்றால் மட்டும் விலக்கு. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது.

பிரசவத்துக்கும் இது அப்படியே பொருந்தும். தவிர, உங்கள் கேஸ் ஷீட்டின் (சிகிச்சைப் பதிவின்) நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதியிலேயே உண்டு. சண்டை போட வேண்டும் என்றில்லை. அடுத்த பிரசவத்துக்கு அந்தத் தாள் தேவைப்படும்.

போச்சம்பள்ளி_மருமகள்

அப்போ காப்பர்-டி (கருத்தடைச் சாதனம்)? எனக்கு நஞ்சுக்கொடி விழுந்த கையோடு போட்டுவிட்டார்கள். வலியில் "போடலாம்ல?" என்று கேட்டார்களாம், நான் "ம்" என்றேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. வீட்டுக்கு வந்து அட்டையில் பார்த்துத்தான் தெரிந்தது. காப்பர்-டி கெட்டது என்று சொல்ல வரவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பேன்.

சிஸ்டர்_வெள்ளை

இது எங்கள் பக்கத்துத் தவறு. அதைச் சுற்றி வளைத்துப் பேச மாட்டேன். நஞ்சுக்கொடி வந்த 10 நிமிடத்துக்குள் அல்லது 48 மணி நேரத்துக்குள் போடலாம் என்பது முறை. ஆனால் அதைப் பற்றிய பேச்சு ஐந்தாம் ஆறாம் மாதச் செக்கப்பில் முடிந்திருக்க வேண்டும். வலியில் துடிக்கும் பெண் "ம்" என்றால் அது சம்மதம் ஆகாது. எங்களுக்கு மேலிருந்து எண்ணிக்கை கேட்கிறார்கள், அந்த நெருக்கடி கீழே உங்கள் கட்டில் வரைக்கும் வந்துவிடுகிறது. பாலக்கோடு தங்கச்சி, உங்கள் அட்டையில் இதையும் எழுதிவிடுங்கள். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம், பிறகு சொல்கிறேன் என்றால் அப்படி.

மாம்பழத்_தோட்டம்

கிருஷ்ணகிரியிலிருந்து. எனக்கு முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்ய ஆசைப்பட்டேன். முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேனைக்கூடப் பார்க்கவில்லை, "ஒரு தடவை கிழிச்சா எப்பவும் கிழிக்கணும்மா, நல்ல நாள் பாத்துட்டு வாங்க" என்றார். மாமியார் அன்று சாயங்காலமே பஞ்சாங்கத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் இன்னொரு டாக்டரிடம் போனேன். இரண்டாவது கருத்துக் கேட்பதும் நோயாளியின் உரிமைதான். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. அவர் பழைய டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டார். ஏன் சிசேரியன் செய்தார்கள், வெட்டு குறுக்கேயா நெடுக்கேயா, எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார். முயற்சி செய்தால் நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகும், பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து 1000-க்கு 5 போல, வலி வர ஊசி போட்டால் அது இரண்டு மூன்று மடங்காகும் என்று சொன்னார். அதனால் ஊசி போடாமல் தானாக வலி வந்தால் மட்டும் பார்ப்போம், ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் 24 மணி நேரமும் இருக்கும் இடத்தில்தான் பார்ப்பேன் என்றார். எண்ணைச் சொல்லிப் பேசிய முதல் டாக்டர் அவர்தான்.

தானாக வலி வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இனிமே காத்திருக்கிறது எனக்குச் சரியாப் படல. ஆபரேஷன் பண்ணிடலாம். நீ என்ன சொல்ற?" என்றார். நான்தான் சரி என்றேன். நான்தான் கையெழுத்தும் போட்டேன். ஆக எனக்கு இரண்டுமே சிசேரியன். முதலாவதை நினைத்தால் இன்றும் ஒரு மாதிரி இருக்கும். இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 100-க்கு 45 பிரசவம் சிசேரியன் என்று வந்தது. தனியாரில் மட்டும் பார்த்தால் 64. எல்லாமே தேவையில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று கேட்க வேண்டிய அளவுக்கு இருக்கிறது.

இயற்கை_வழி_77

இவ்வளவு போராட்டம் எதற்கு? ஆஸ்பத்திரிக்குப் போனால்தானே வெட்டு, ஊசி எல்லாம். வீட்டிலேயே அமைதியாகப் பெற்றுக்கொள்ளலாம். வீடியோக்கள் நிறைய இருக்கின்றன.

சிஸ்டர்_வெள்ளை

2018-இல் திருப்பூரில் ஒரு பெண் அப்படித்தான் இறந்தார். 2023-இல் நம்ம போச்சம்பள்ளிப் பக்கமே ஒரு பெண். வீடியோ ரத்தப்போக்கை நிறுத்தாது. ஆஸ்பத்திரிக்குள் மரியாதை கேட்பதுதான் இந்த இழை, ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பதற்கு இல்லை.

நெறியாளர்

வீட்டுப் பிரசவத்தைப் பரிந்துரைக்கும் பதிவுகள் இனி நீக்கப்படும்.

தேன்கனி

நாங்கள் அஞ்செட்டிப் பக்கம். வீட்டில் கன்னடம். என் ஓரகத்திக்குத் தமிழ் அரைகுறைதான். பிரசவத்துக்குப் போனபோது சிஸ்டர் "முக்கு, முக்கு" என்று கத்தியிருக்கிறார், இவளுக்குப் புரியவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். "சொன்னது காதுல விழலையா, காட்டுலேர்ந்து வந்திருக்கா" என்று பேச்சு. துணைக்குப் போன மாமியாருக்கும் தமிழ் வராது.

அடுத்து என் முறை வந்தபோது எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துப் போனேன். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் பேசுவார். "சொந்தக்காரங்கதான் வரணும்" என்றார்கள். "அக்காதான்" என்றேன். பொய் இல்லையே. சிஸ்டர் சொல்வதை அவர் என் காதில் சொல்ல, நான் சொல்வதை அவர் சிஸ்டரிடம் சொல்ல, ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்கள் துணைக்கு யார் என்று யோசிக்கும்போது பாசத்தோடு பாஷையையும் பாருங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், தேதி நெருங்கும்போது முன்பே வந்து படுத்துவிடச் சொல்கிறார்கள். பாதுகாப்புக்குத்தான், புரிகிறது. வீட்டில் ஆடு மாட்டை யார் பார்ப்பது, மூத்த பிள்ளையை எங்கே விடுவது என்று அந்தப் பெண் கேட்டால் அதையும் திமிர் என்கிறார்கள்.

அரூர்_அக்கா

காசு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. குழந்தையைக் கையில் கொடுக்கும்போது ஆண் பிள்ளை என்றால் ஒரு தொகை, பெண் பிள்ளை என்றால் கொஞ்சம் குறைவு என்று கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைக்குத் தள்ளுபடி கொடுக்கும் ஒரே இடம் உலகத்தில் அதுதான்.

2011-லிருந்தே அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வண்டி எல்லாம் இலவசம். ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. கேட்டால் 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம், நிலைய மருத்துவரிடம் போகலாம், முதல்வர் உதவி மையம் 1100 இருக்கிறது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். ஆனால் உள்ளே மகள் படுத்திருக்கும்போது எந்த அம்மாவுக்கு மனு எழுதத் தோன்றும்? கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அதுதான் அவர்களுக்கும் தைரியம்.

பாலக்கோடு_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவையும் உட்கார வைத்து முழுசாகப் படித்துக் காட்டினேன். "புருஷன்கிட்ட" என்ற வரியைக் கேட்டதும், "என்னையும் இதையேதான் கேட்டாங்க" என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

இன்று செக்கப். ஜி.எச். என்று முடிவாகிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு போனேன். எழுதியது இதுதான்:

"அம்மா துணைக்கு இருப்பார். நடக்கவும் பக்கவாட்டில் படுக்கவும் விரும்புகிறேன். வெட்டுவது, ஊசி, உள் பரிசோதனை எதுவாக இருந்தாலும் முதலில் சொல்லவும். குழந்தையை உடனே என் நெஞ்சில் வைக்கவும். காப்பர்-டி பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆபத்து என்றால் டாக்டர் சொல்வதற்குச் சம்மதம், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவும்."

கடைசி வரி என் கணவர் சேர்த்தது.

டாக்டர் இளம் வயதுதான். முதலில், "யூடியூப்லயா?" என்று கேட்டார். "இல்லைங்க மேடம், எங்க வீட்ல ஒருத்தருக்கு நடந்தது" என்றேன். அப்புறம் முழுசாகப் படித்தார். நடப்பதற்கு, "சி.டி.ஜி. (குழந்தையோட துடிப்புப் பதிவு) நல்லா இருந்தா நடங்க, பனிக்குடம் உடைஞ்சு தலை இறங்கலேன்னா நடக்கக் கூடாது, தொப்புள்கொடி வெளிய வந்துடும்" என்றார். இது எனக்குப் புதுசு. பெறும்போது மட்டும் அந்த மேஜையில் மல்லாந்துதான் படுக்க வேண்டுமாம், வேறு வசதி இல்லையாம். குழந்தையை நெஞ்சில் வைப்பது அங்கே வழக்கமாகவே செய்வதுதானாம், ஆனால் "ஒரு மணி நேரமெல்லாம் டேபிள்ல விட முடியாது, அடுத்த ஆள் வந்துடுவாங்க, வார்டுக்குப் போய் வச்சுக்கோங்க" என்றார். தாளில் கையெழுத்துக் கேட்டதற்குப் போட மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் அட்டையில் "துணை: தாயார், ஆலோசனை செய்யப்பட்டது" என்று அவர் கையாலேயே எழுதினார்.

ஹீமோகுளோபின் 9.2. இரும்புச்சத்து டிரிப்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சிஸ்டர்_வெள்ளை

அந்த ஒரு வரி போதும், டூட்டியில் யார் இருந்தாலும் அட்டையைத்தான் முதலில் பார்ப்பார்கள். கொடி பற்றி டாக்டர் சொன்னது ரொம்பச் சரி. தண்ணீர் உடைந்தால் வீட்டில் காத்திருக்காமல் படுத்தபடியே வந்துவிடுங்கள். தண்ணீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ போனாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், குழந்தை அசைவு குறைந்தாலும் அப்படியே. அந்த நேரத்தில் எந்தத் தாளும் வேண்டாம்.

மற்ற நேரத்தில் புதிதாக எதையாவது செய்ய வந்தால் அம்மாவை மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எதுக்குங்க? இப்பவே செய்யணுமா? கொஞ்சம் பொறுத்தா என்ன ஆகும்? இதற்குக் கோபப்படும் சிஸ்டர் குறைவு. அவசரம் என்றால் நாங்களே "இப்பவே" என்று சொல்லிவிடுவோம், அப்போது விட்டுவிட வேண்டும். டிரிப்ஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், 9.2 குறைவுதான்.

பழைய_பெட்டி

அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துப் போகச் சொல்லும்மா, லேபர் வார்டில் ஃபேன் நேர்மேலே இருக்கும். உட்கார ஸ்டூல்கூடக் கிடைக்காது.

பாலக்கோடு_பொண்ணு

சரிங்க. சிஸ்டர், செருப்பு உள்ளே விடுவார்களா, அம்மாவுக்குக் கால் வலி உண்டு?

சிஸ்டர்_வெள்ளை

வெளிச் செருப்பு விட மாட்டோம். புதுசாக ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக் கவரோடு கொண்டுவாருங்கள், வாசலில் போட்டுக்கொண்டு வரலாம்.